உட்கார் என்று நான் சொல்லவில்லை

உட்கார் என்று நான் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். வாய் திறக்கவில்லை, முறைக்கவில்லை, சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. எழுந்து நின்றவனின் முன்கையில் மூன்று விரல்களை வைத்தேன். தலையை இடமும் வலமுமாக ஒருமுறை அசைத்தேன். அவ்வளவுதான். அவன் உட்கார்ந்துவிட்டான்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை மௌன வழிபாடு முடியப் பதினோரு நிமிடம் இருந்தது. சற்று முன்புதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். கணக்கு வாத்தியாரால் எண்ணாமல் உட்கார்ந்திருக்க முடியாது. அந்தக் கூடத்தின் கூரையில் எத்தனை உத்தரங்கள், எதிர்ச் சுவரின் சன்னலில் எத்தனை கண்ணாடிகள் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அவன் என்ன சொல்ல எழுந்தான் என்பது மட்டும் தெரியாது.

அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சுற்றி, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. 1681இல் இங்கிலாந்து அரசரிடம் பட்டயம் வாங்கி இந்த பென்சில்வேனியா மாநிலத்தைத் தொடங்கிய வில்லியம் பென்னே குவேக்கர்தான். அப்படியொரு பள்ளியில்தான் வேலை. பிள்ளைகளில் பெரும்பாலோர் குவேக்கர் குடும்பத்தினர் அல்ல. யூதர், கத்தோலிக்கர், முஸ்லிம், எதுவும் இல்லாதவர்கள், எங்கள் வீட்டைப் போல முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறவர்கள் என எல்லாரும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் கைப்பேசியை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பாதிரியார் இல்லை, பீடம் இல்லை, சிலுவை இல்லை, பாட்டும் இல்லை. ஒன்றையொன்று பார்த்தபடி போட்ட மர பெஞ்சுகள்தான். யாருக்காவது உள்ளிருந்து ஒன்று எழுந்து, சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றினால் எழுந்து நின்று சொல்லலாம். சொல்லிவிட்டு உட்காரலாம். யாரும் பதில் சொல்வதில்லை, கை தட்டுவதில்லை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே தலைமையாசிரியருக்கு உள்ள உரிமை பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் உண்டு. அந்தக் கூடத்தைக் கட்டியதே யாராவது எழுந்து பேசக்கூடும் என்பதற்காகத்தான்.

அதைத்தான் மூன்று விரல்களால் நிறுத்தினேன்.

என் பக்க நியாயம் இது. முந்தைய வாரம் ஒரு மாணவன் மிகுந்த பக்தியோடு எழுந்து, கண்ணை மூடி, உருளைக்கிழங்கு வறுவல் விளம்பரத்தின் வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஐந்து டாலர் பந்தயமாம். அதைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் அடுத்தடுத்து எழுந்தார்கள். இப்படி இடைவெளியில்லாமல் ஆளாளுக்கு எழுந்தால் அதற்குக் குவேக்கர்களே வைத்திருக்கும் பெயர் ‘பாப்கார்ன்’. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில், கடைசி வரிசையில் நாமெல்லாம் சேர்ந்து உட்காராமல் பிள்ளைகளுக்கு நடுவே பரவலாக உட்கார்ந்தால் நல்லது என்று சொன்னார்கள். தடுக்கச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார் என்று ஓர் ஆசிரியரிடம் சொன்னால் அவர் என்ன புரிந்துகொள்வார்? பதினெட்டு வருடம் தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்தவன் நான்.

அவனை எனக்குத் தெரியும் என்பது இரண்டாவது நியாயம். பத்தாம் வகுப்பு, என்னிடம் ஜியோமெட்ரி படித்தான். இங்கே நிரூபணத்தை இரண்டு பத்தியாக எழுத வைப்போம்: இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் அதற்கான காரணம். ஒரு தேர்வில் இரண்டு கோணங்கள் சமம் என்று எழுதிவிட்டு, காரணத்துக்கு நேராக ‘பார்த்தாலே தெரிகிறது’ என்று எழுதியிருந்தான். இரண்டு மதிப்பெண் குறைத்தேன். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அப்படிப்பட்ட பையன்.

அன்றைக்கு அவன் எழுவதற்கு முன்பு பெஞ்சு அதிர்ந்தது. இதை அங்கே உட்கார்ந்து பழகியவர்கள்தான் அறிவார்கள். நீளமான பழைய பலகை. ஒரு முனையில் யாராவது காலாட்டினால் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும். மௌனத்தில் எவன் வயிறாவது உறுமிவிட்டால் சிரிப்பு அந்த வரிசை முழுக்க ஓடும். சத்தம் துளிகூட வராது, பலகை மட்டும் நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் தொடையில் உணர்ந்தேன். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த நண்பன் தலையைக் குனிந்து முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இவன் எழுந்தான். மூச்சை இழுத்தான். என் கை போய்விட்டது.

மீதிப் பதினோரு நிமிடமும் யாரும் பேசவில்லை. நல்ல ஆழமான மௌனம் என்று பிறகு ஒருவர் என்னிடம் பாராட்டிச் சொன்னார்.

வழிபாடு கைகுலுக்கலில் முடியும். எதிர் வரிசையில் இருக்கும் பெரியவர் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார். உடனே கூடம் முழுக்க அவரவர் அக்கம்பக்கத்தில் இருப்பவரோடு குலுக்கிக்கொள்வார்கள். அவன் தயங்காமல் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். ஈரமாக இருந்தது. லேசான வியர்வை இல்லை, கழுவித் துடைக்காத கை போல. என் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அதை அவன் பார்த்தானா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுப்பார்கள். எப்போது பேசலாம் என்று எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும், உடம்பு நடுங்கும், உட்கார்ந்தே இருக்க முடியாது, அப்போது எழு என்பது பதில். குவேக்கர் என்றாலே நடுங்குபவர் என்றுதான் பொருள். 1650இல் இங்கிலாந்தின் டெர்பியில், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸை விசாரித்த நீதிபதியிடம், கடவுளின் சொல்லுக்கு முன் நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் சொல்ல, அவர் கேலியாக வைத்த பட்டப்பெயர் அது. அவர்கள் அதையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். இந்தக் கதையை நானே புதிய பிள்ளைகளுக்கு இருமுறை சொல்லியிருக்கிறேன். அப்புறமும் பலகை நடுங்கியபோது எனக்குச் சிரிப்புதான் தோன்றியது.

ஐந்து டாலர் பந்தயத்துக்கு முந்நூறு பேர் முன்னால் எழுந்து நிற்பவனுக்கும் கை வியர்க்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதிய உணவுக்குப் போகும் வழியில் அவனை நிறுத்தினேன்.

“என்ன சொல்ல எழுந்தாய்?”

“ஒன்றுமில்லை.”

“சொல். எனக்குக் கோபமில்லை.”

“அப்போது இருந்தது. இப்போது இல்லை.”

“வேடிக்கைக்காகவா?”

“நீங்கள் என்ன நினைத்தீர்கள்?”

“வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.”

“அப்படியானால் அதுவாகவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உணவுத் தட்டை எடுக்கப் போய்விட்டான். முகத்தில் கோபம் இருந்ததாகத் தோன்றவில்லை. அன்றைக்கு பீட்சா.

இந்த ஆறேழு வரிகளை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போது எழுதும்போது புதிதாக ஒன்று கண்ணில் படுகிறது. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்; எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா ஆசிரியர்களையும் அப்படித்தான். சார் என்று கேட்டுப் பழகிய காதுக்கு முதல் வருடம் முழுக்க அது கன்னத்தில் தட்டியது போல இருந்தது. பட்டம், மரியாதைச் சொல் எதுவும் கூடாது என்பது பழைய குவேக்கர் வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் நம்மைப் போல நீ, நீங்கள் இருந்தது. குவேக்கர்கள் நீதிபதியையும் நீ என்றார்கள், பெற்ற தகப்பனையும் நீ என்றார்கள். தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். அதற்காக அடிபட்டவர்களும் சிறைக்குப் போனவர்களும் உண்டு. இன்றைய அமெரிக்கப் பிள்ளைக்கு இதில் என்ன அவமரியாதை என்று விளக்கி மாளாது. தமிழ் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம்.

மேலே நான் எழுதியிருப்பதைப் பாருங்கள். என் வாயில் ‘எழுந்தாய்’. அவன் வாயில் ‘நீங்கள்’. யோசித்துச் செய்ததில்லை, பேனா தானாகப் போட்டது. பள்ளியின் முறைப்படி என்றால் அவன் கேட்டது “நீ என்ன நினைத்தாய்?” என்று இருக்க வேண்டும். அப்படி எழுதிப் பார்த்தேன். அது வேறு கேள்வியாகிவிடுகிறது. அதற்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன் என்றும் தோன்றுகிறது. ஒருவேளை, எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று.

அந்த வாரமே வழிபாட்டுக் குழுவின் கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். நம் ஊர் குமாஸ்தா இல்லை. கூட்டத்தை நடத்திச் செல்பவருக்குக் குவேக்கர்கள் சொல்லும் பெயர் அது. பிறவிக் குவேக்கர், என்னைவிட மூத்தவர். பதற்றப்படவில்லை. எங்களிலேயே அந்த வழக்கம் உண்டு, எதிர் வரிசையில் உட்காரும் மூத்தோர் நெடுநேரம் பேசுகிறவரை மெதுவாக உட்காரச் சொல்வார்கள், அதற்கு ‘எல்டரிங்’ என்றே பெயர் என்றார். எனக்கு உயிர் வந்தது. கதவு வரை போன பிறகு, “ஆனால் அது கேட்ட பிறகு” என்றார்.

சரித்திர ஆசிரியர் ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சமின் லேயின் கதையைச் சொல்வார். 1738இல், நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் நடந்த குவேக்கர் ஆண்டுக் கூட்டம். அடிமைகளை வைத்திருந்த செல்வந்தக் குவேக்கர்கள் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். குள்ள உருவமும் கூன் முதுகுமாக லே எழுகிறார். மேலங்கியைக் கழற்றினால் உள்ளே ராணுவ உடை, வாள். கையில் உள்ளே குடைந்த புத்தகம். அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. சக மனிதரை அடிமைப்படுத்துகிறவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லி வாளால் குத்துகிறார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் சாறு தெறிக்கிறது. அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஆண்டே உறுப்பினர் இல்லை என்றும் விலக்கினார்கள். 1776இல் அதே ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர் இனி குவேக்கராக இருக்க முடியாது என்று முடிவு செய்தது. லே இறந்து பதினேழு வருடம் கழித்து. பிலடெல்பியாவுக்குப் பக்கத்து அபிங்டன் இடுகாட்டில் அவருக்கு நினைவுக் கல் நட்டது 2018இல்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். பர்லிங்டனில் லேக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் மேலங்கிப் பொத்தானில் கை வைத்தபோதே என் விரல்கள் அவர் முன்கையில் இருந்திருக்கும். ஆனால் ஒரு லேக்கு எத்தனை உருளைக்கிழங்கு வறுவல்? ஆயிரம் பேரில் ஒருவர் லே என்று வைத்தாலும், மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது பேரின் கூத்தை மீதிப் பிள்ளைகள் வாரந்தோறும் சகித்துக்கொள்ள வேண்டுமா? பேசாமல் இருக்கத்தான் அந்த நாற்பது நிமிடம் வேண்டும் என்று நிஜமாகவே காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்காகவும்தான் செய்தேன். இதை எழுதும்போதே, அப்போது அவர்கள் யாரும் என் நினைவில் இல்லை என்பதும் தெரிகிறது.

நான் படித்த பாளையங்கோட்டைப் பள்ளியில் மௌனம் என்றால் “கையைக் கட்டு, வாயைப் பொத்து”. மூன்றாம் வகுப்பில் டீச்சர் அலுவலகத்துக்குப் போகும்போது வகுப்புத் தலைவனிடம் சாக்கட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார்; பேசியவன் பெயர் கரும்பலகைக்குப் போகும். நான்தான் வகுப்புத் தலைவன். இரண்டு வருடம். இதில் காரணம் தேடினால் கிடைக்கும். ஆனால் ஐம்பது வயதில் செய்ததற்கு எட்டு வயதுப் பையனைக் கைகாட்டுவது எனக்கே பிடிக்கவில்லை.

அவன் அதன்பின் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டான், சன்னலோரம். பள்ளி முடித்துப் போகும்வரை எழுந்து பேசி நான் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல், வரவில்லை, அன்றைக்குப் பேசியிருக்கலாம். யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது யார் எழுந்தாலும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். போன மே மாதம் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள். அவள் எழுவதற்கு முன்பும் பலகை நடுங்கியது. நான் அசையவில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த பக்தியோடு, அன்றைய மதிய உணவுப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தாள். கூடம் குலுங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

கைகுலுக்கல் முடிந்து வெளியே வரும்போது கிளார்க் என்னருகே வந்து நடந்தார். சிறிது தூரம் எதுவும் பேசவில்லை.

“நீங்கள் அவள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?” என்றார்.