கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு கொடுவா லூர்

கணபதி விசர்ஜனம் முடிந்த அடுத்த வாரம், மும்பை மனோரிக் கழியில் ஒரு கொடுவா மீன் கைக்கு எட்டியும் தப்பிவிட்டது. தூண்டிலில் இருந்தது கடையில் வாங்கிய 11 சென்டிமீட்டர் மினோ லூர், அதாவது குட்டி மீன் வடிவப் பொய் இரை. அடித்த வேகத்தில் ரீல் அலறியது, மீன் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை ஒரு உதறு உதறியது, தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. லூரை இழுத்துப் பார்த்தால், வயிற்றுப் பக்கத்து மூன்று முள் கொக்கியில் இரண்டு முள் நேராக நிமிர்ந்து கிடந்தன. லூரில் குறை சொல்ல முடியாது. அந்த மெல்லிய கொக்கி கொடுவாவுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

கனமான கொக்கி இரண்டு வாங்கி மாட்டினேன். மறு ஞாயிறு போட்டுப் பார்த்தபோது லூர் செத்துவிட்டது. மிதக்க வேண்டியது வாலைக் கீழே போட்டு மூழ்கியது; இழுத்தால் நெளியாமல் குச்சி மாதிரி வந்தது. வீட்டில் நகைத் தராசில் வைத்தேன். பழைய கொக்கி ஒன்று 1.4 கிராம், புதியது 2.3. இரண்டுக்கும் சேர்த்து 1.8 கிராம் ஏறியிருக்கிறது. 16 கிராம் லூருக்கு அது பெரிய பாரம்.

எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், கடற்கரை ஊரான மணப்பாட்டு மாமா ஒருவர் இருக்கிறார். தாராவிக்கு வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சில் கடல் போகவில்லை. லூரைக் கையில் வாங்கி, ஒரு விரல் மேல் குறுக்கே வைத்து நிறுத்திப் பார்த்தார். "முள்ள மாத்துனா ஈயத்தையும் மாத்தணும் மாப்ளே. இதுக்கு உள்ள இருக்கிற ஈயத்த ஒன்னால எடுக்க முடியாது. பேசாம நீயே ஒண்ணு செதுக்கிரு" என்றார். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு முழம் கல்யாண முருங்கைக் கட்டை கொண்டுவந்து கொடுத்தார். லேசான மரம், நகம் பட்டாலே பதியும். பேனாக்கத்தி போதும்.

அக்டோபர் முதல் ஞாயிறு வேலையைத் தொடங்கினேன். 12 சென்டிமீட்டருக்கு ஒரு மடவை மீன் குஞ்சின் உருவத்தை வரைந்து, கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் பள்ளம் தோண்டினேன். அந்தப் பள்ளத்தில் 1.2 மில்லிமீட்டர் ஸ்டெய்ன்லெஸ் கம்பி மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டாக ஓடுகிறது. மூக்கில் நரம்பு கட்ட ஒரு வளையம், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று. இவ்வளவு மென்மையான மரத்தில் திருகு வளையம் மட்டும் போட்டால் மீன் இழுக்கிற இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரே கம்பி என்றால் மரமே உடைந்தாலும் மீனுக்கும் நரம்புக்கும் நடுவே இரும்பு நிற்கும். கம்பியை நாக்தேவி தெருவில் வாங்கினேன். இரண்டு மீட்டர் எடுத்தேன், இன்னும் தீரவில்லை.

தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை நான் நாக்கு என்றுதான் சொல்வேன். லூரைத் தண்ணீருக்குள் இறக்குவதும் நெளிய வைப்பதும் அதுதான். நீளமாகப் படுத்திருந்தால் ஆழமாக இறங்கும், குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் மேலாக ஓடும். இதற்குப் பழைய சிடி அருமையான பொருள். பாலிகார்பனேட், 1.2 மில்லிமீட்டர் கனம், அளந்து வைத்தது போல. தாராவி 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் அண்ணாச்சியிடம் கேட்டேன்; ஒரு கட்டு எடுத்துக்கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். வெள்ளிப் பூச்சின் மேல் பேக்கிங் டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரித்தால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும். வெட்டுவதற்கு முன் சிடியை வெந்நீரில் போட வேண்டும். இது தெரியாமல் முதல் மூன்றையும் கத்தரி பட்டதுமே விரிசல் விடவைத்தேன்.

ஈயம் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் மூன்று வாரம் போனது. உடம்புக்குள் துளையிட்டு அடைத்த பிறகு மாற்ற முடியாது. அதனால் இரண்டு பாதியையும் ஒட்டி, சூப்பர் குளூவை மேலெல்லாம் ஊறவிட்டுத் தண்ணீர் புகாதபடி செய்துகொண்டு, கொக்கிகளையும் மாட்டிவிட்டு, ஈயக்கம்பித் துண்டுகளை வயிற்றில் டேப்பால் ஒட்டி வாளியில் மிதக்கவிட்டேன். வால்பக்கம் வைத்தால் தூரமாகப் பறக்கும், ஆனால் நெளிவு குறைந்துவிடும். நாக்குக்குப் பக்கத்தில் வைத்தால் மூக்குக் குத்திக்கொண்டு நிற்கும். வயிற்றுக் கொக்கி வளையத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் வைத்தபோது லூர் படுத்த வாக்கில் நின்றது. அங்கேயே பேனாவால் புள்ளி வைத்தேன்.

எனக்கு வேண்டியது, இழுப்பதை நிறுத்தினால் அப்படியே நின்று மிக மெதுவாக மேலே எழும் லூர். அந்த நிறுத்தத்தில்தான் கொடுவா அடிக்கும். வாளியில் சரியாக வந்தது. கழியில் போட்டால் தக்கை மாதிரி குதித்து மேலே வந்தது. யோசித்தபோது பிடிபட்டது, வாளியில் இருந்தது முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீர்! கடல்நீர் அதைவிட 1.025 மடங்கு கனம். என் லூர் ஒதுக்கும் தண்ணீர் 24 மில்லி என்றால், உப்புநீர் அரை கிராமுக்கு மேல் கூடுதலாகத் தூக்கும். 10 லிட்டர் வாளியில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்து மறுபடி அளந்தேன். இப்போது கழியில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கியது. மழை முடிந்த கையோடு கழியில் உப்பு அவ்வளவு இருப்பதில்லை. கடைசியில் ஐந்து லிட்டர் கேனில் மனோரித் தண்ணீரையே ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தேன். இதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது. நீங்கள் செய்தால் முதல் நாளே கேனோடு போங்கள்.

நடுவில் ஜிக் ஹெட், அதாவது ஈயத் தலை வைத்த கொக்கி, வார்க்கப் போய் ஒரு விபத்து. வார்ப்புக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்து, ஒரு வாரம் வெயிலில் வைத்திருந்தேன். கைக்கு உலர்ந்த மாதிரிதான் இருந்தது. மொட்டைமாடியில் ஈயத்தை உருக்கி ஊற்றினேன். டப் என்று ஒரு சத்தம், ஈயம் சொட்டுச் சொட்டாக மேலே தெறித்தது. கண்ணாடியும் தோல் கையுறையும் போட்டிருந்ததால் பிழைத்தேன். முழங்கைக்கு மேலே மட்டும் மிளகளவு தழும்பு இருக்கிறது. ஈயம் உருகுவது 327 டிகிரியில். அச்சுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு துளி ஈரம் அந்தச் சூட்டில் கணத்தில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். மும்பைக் காற்றில் ஒரு வார வெயிலை நம்பக்கூடாது. இப்போது அச்சை அடுப்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்த பிறகே தொடுகிறேன். ஈயத்துக்கென்று தனிச் சட்டி, அது சமையல்கட்டுப் பக்கம் வரவே கூடாது. பிள்ளைகள் மாடிக்கு வரும் வேளையில் உருக்குவதில்லை. பஞ்சர் கடையில் எடுக்கும் பழைய வீல் வெயிட்டுகளில் (சக்கரத்தைச் சமன்செய்யும் எடைகள்) துத்தநாகமும் கலந்து வரும்; அது 419 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் ஈயம் இளகும்போது அது மேலே மிதக்கும். உடனே அரித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வார்ப்பு சொரசொரப்பாகிவிடும்.

லூருக்கு முதுகில் பச்சை கலந்த சாம்பல், வயிற்றில் சாக்லேட் தாளின் வெள்ளி. மேலே மெதுவாக இறுகும் எபாக்சிப் பிசின். அது ஒரு பக்கமாக வழியாமல் இருக்க, பழைய மைக்ரோவேவில் தட்டைச் சுற்றும் மோட்டாரில் லூரைக் கட்டி இரவு முழுக்கச் சுழலவிட்டேன். மனைவி பாதித் தூக்கத்தில் எழுந்து பார்த்துவிட்டு, "மீன் நீந்துதா?" என்று கேட்டுத் திரும்பிப் படுத்தாள்.

நவம்பரில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். மும்பையில் அமாவாசையன்று நடுப்பகலை ஒட்டி நீர் ஏறி நிற்கும். நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் மூன்றாம் நாள் விடியலில் நீர் வற்றிக்கொண்டிருக்கும், ஏழு மணி தாண்டித்தான் அடங்கும். கோலி மீனவர்கள் இந்தப் பெரிய ஏற்றத்தை உதாண் என்கிறார்கள். அலையாத்திக்குள் போன குஞ்சு மீனெல்லாம் சிற்றோடை வழியே வெளியே வரும், கொடுவா அந்த வாயில் காத்து நிற்கும்.

முதல் வீச்சில் லூர் இடப்பக்கமாகச் சரிந்து ஓடியது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் மூக்கு வளையத்தை மயிரிழை வளைத்தால் போதும். இரண்டு தடவையில் நேரானது. முடிச்சை இறுக்காமல் கண்ணி முடிச்சாகப் போட்டிருந்தேன், அப்போதுதான் மூக்கு தடையில்லாமல் ஆடும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால் லூரை ஒட்டி வரும் முன்நரம்பு 40 பவுண்டு தாங்குவது.

ஆறே முக்காலுக்கு ஓடை வாயைத் தாண்டிப் போட்டு, நாலு சுற்று இழுத்து நிறுத்தினேன். லூர் நின்றது. மேலே எழத் தொடங்கிய நேரத்தில் தண்ணீர் குழிந்து, உள்ளே கதவு சாத்திய மாதிரி ஒரு சத்தம். இந்த முறை கொக்கி நிமிரவில்லை. 58 சென்டிமீட்டர், இரண்டே கால் கிலோ. படகைக் கட்டிக்கொண்டிருந்த கோலிக் காகா ஒருவர் "ஜிதாடா!" என்று கொடுவாவின் மராத்திப் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டு வந்து, மீனைப் பார்க்காமல் லூரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கொடுவா ஆணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். அதனால் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது கிடைத்தால் விட்டுவிடுவது என்று வைத்திருக்கிறேன். இது சின்னது. தலையை மணப்பாட்டு மாமா வீட்டுக்குக் கொடுத்தேன்.

லூரின் முதுகில் மீன் அடித்ததில் எபாக்சி பெயர்ந்த இரண்டு கோடு இருக்கிறது. அதை மூடவில்லை, ஈரம் புகாமல் சூப்பர் குளூ மட்டும் தடவினேன். மிச்சக் கட்டையில் 9 சென்டிமீட்டரில் இன்னொன்று செதுக்கியாகிவிட்டது. குளிர்காலத்தில் தண்ணீர் தெளிந்துவிடும், அதற்குக் குட்டையான நாக்கு, வெளிறிய நிறம். ஈயப் புள்ளி இன்னும் வைக்கவில்லை. கழுவின கேன் கதவுப் பக்கம் காத்திருக்கிறது.