குடையில் சொட்டும் தண்ணீரும் ஏ45பி 25/28-உம்

நான் முதன்முதலில் செய்த காப்புரிமைத் தேடல் நாலே நிமிடத்தில் முடிந்துவிட்டது. நனைந்த குடையை மடக்கி வைத்ததும் தரையெல்லாம் சொட்டுமே, அந்தத் தண்ணீரைக் குடையின் நுனியிலேயே ஒரு சின்னக் குப்பி பிடித்துக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை. காப்புரிமை ஆவணங்களைத் தேடித்தரும் கூகுள் பேட்டன்ட்ஸில் சொட்டாத குடை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைப் போட்டேன். முதல் பக்கத்தில் என் யோசனை மாதிரி எதுவும் இல்லை. யாருக்கும் தோன்றாதது நமக்குத் தோன்றிவிட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நண்பரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்த வகைப்பாட்டில் தேடினாய்?" எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அப்புறம்தான் பாடம் தேட ஆரம்பித்தேன்.

காசு கொடுக்காமலே படிக்க இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டிஎல்-101 பொதுப் பாடத்தில் தொடங்கினேன். பதிப்புரிமை, வணிகக்குறி, வடிவமைப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுப்போகும் பாடம் அது. தேடக் கற்றுக்கொள்ள மட்டும் வந்தவருக்கு அதில் பாதி தேவைப்படாது. ஆனாலும் காப்புரிமைப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒரு காப்புரிமை எதைப் பாதுகாக்கிறது என்பது தலைப்பிலோ படத்திலோ இல்லை, கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்களில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

தேடலை உண்மையில் கற்றுக்கொடுத்தது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஏழு படி முறை. அதற்கான பயிற்சியும் இலவசம். முதல் படிக்குக் கணினியே வேண்டாம்: பொருள் எதற்காக, எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்று தாளில் சொற்களாக எழுத வேண்டும். நான் 'கப்' என்று எழுதிவிட்டு இன்னும் என்ன இருக்கப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் ரிசெப்டக்கிள், ரிசர்வாயர், கலெக்டர், கேட்சர், டிரே என்று பட்டியல் நீண்டது. காப்புரிமை எழுதுகிறவர்கள் எளிய சொல்லைக் கண்டால் விலகிப் போகிறவர்கள். பந்தைக்கூடக் கோள வடிவப் பொருள் என்று எழுதுவார்கள்.

இரண்டாம் படிதான் நண்பர் கேட்ட வகைப்பாடு, அதாவது கண்டுபிடிப்புகளைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருவது. ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் சேர்ந்து உருவாக்கி 2013 முதல் நடப்பில் இருக்கும் சிபிசி என்ற முறையில் இரண்டரை லட்சம் பிரிவுகள் இருக்கும். எழுதியவர் குடையை எந்தப் பெயரால் அழைத்திருந்தாலும், எந்த மொழியில் எழுதியிருந்தாலும், அதைப் படித்துப் பார்த்த அலுவலர் குடைக்கான குறியீட்டைத்தான் போடுவார். சொல்லை நம்பித் தேடுவதற்கும் குறியீட்டை நம்பித் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டின் வகைப்பாட்டுத் தேடலில் குடை என்பதற்கான சொல்லைப் போட்டேன். ஏ45பி என்று வந்தது. கைத்தடி, குடை, விசிறி மூன்றும் ஒரே அலமாரியில். திறந்து கீழே கீழே போனால் குடையின் பாகங்களுக்கு 25 என்ற தொகுதி. அதில் 25/24, பயன்படுத்தாதபோது குடைக்குப் போடும் உறைகள். இன்னும் கொஞ்சம் கீழே 25/28. விளக்கத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது: சொட்டும் நீரை ஏந்தும் கலன்கள். உலகத்தில் யாருக்கும் தோன்றாத என் யோசனைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய தனி அறையே இருந்தது.

உள்ளே போனால் நூறு ஆண்டுக்கு முந்தைய படங்கள்கூட இருந்தன. கையால் வரைந்த குடை, நுனியில் குப்பி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு எண்கள். என் நோட்டில் நான் வரைந்திருந்ததைவிட அழகான படம்.

அதற்காகச் சொற்களை விட்டுவிடவும் முடியாது. குறியீட்டையும் சொல்லையும் சேர்த்துப் போடும்போதுதான் பட்டியல் பார்க்கிற அளவுக்குச் சுருங்குகிறது. இதில் நான் செய்த கோமாளித்தனங்கள் நிறைய. சொட்டு என்று பொருள்படும் 'டிரிப்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் அதிலிருந்து கிளைக்கும் எல்லாச் சொற்களும் வரும் என்று படித்துவிட்டு, குறியீடு இல்லாமல் வெறுமனே போட்டேன். சொட்டுநீர்ப் பாசனமும் மருத்துவமனையில் ஏற்றும் டிரிப்பும் ஆயிரக்கணக்கில் கொட்டின. இன்னொரு நாள் 'இது அல்லது அது' என்று தேட இடையில் 'ஆர்' போட்ட சொற்களுக்கு அடைப்புக்குறி போட மறந்ததில், குடைக்குத் துளியும் தொடர்பில்லாத தேநீர்க் கோப்பைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் வைத்தியம் ஒரு நோட்டுதான். தேதி, எந்தத் தளம், என்ன தேடினேன், எத்தனை வந்தது, எதையெல்லாம் திறந்து பார்த்தேன். பயிற்சியில் இதைச் சொன்னபோது பள்ளிக்கூட வேலை மாதிரி இருக்கிறதே என்று தவிர்த்தேன். ஒரே தேடலை மூன்றாவது முறை செய்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்த அன்று நோட்டு வாங்கினேன்.

பொருத்தமான ஓர் ஆவணம் கிடைத்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். அது மேற்கோள் காட்டும் பழைய ஆவணங்கள், அதை மேற்கோள் காட்டும் புதியவை என்று இரண்டு பக்கமும் வழி திறக்கும். எனக்குக் கிடைத்தவற்றில் மிக நெருக்கமான இரண்டு அப்படி வந்தவைதான். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தேடல் தளமான பேட்டன்ட்ஸ்கோப்பில் நாம் போடும் சொல்லுக்கு இணைச் சொற்களைச் சேர்த்து, பிற மொழிகளிலும் தேடித்தரும் வசதி இருக்கிறது. அதில் சீன மொழி ஆவணங்கள் குவியலாக வந்தன. இயந்திர மொழிபெயர்ப்பு சில இடங்களில் வேடிக்கையாக இருந்தாலும் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

ஆவண எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஏ1 என்றால் பெரும்பாலும் விண்ணப்பம் வெளியாகியிருக்கிறது, அவ்வளவுதான். பி1, பி2 என்றால் காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் பழைய அமெரிக்க ஆவணங்களில் வழங்கப்பட்ட காப்புரிமைக்கே வெறும் ஏ இருக்கும். இதுகூடத் தெரியாமல் பாதிப் பட்டியலைத் தப்பாகக் குறித்து வைத்திருந்தேன்.

இன்னொரு குழப்பம் பெரியது. பொதுவாகக் காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. காலம் முடிந்தவற்றைப் பார்த்து "இது செத்துப்போனது, நமக்குத் தொல்லையில்லை" என்று ஒதுக்கினேன். செய்து பயன்படுத்துவதற்குத் தொல்லையில்லை, சரிதான். ஆனால் புதிதாகக் காப்புரிமை கேட்கிறவருக்கு அதே பழைய தாள் போதும், "இது புதிது அல்ல" என்று திருப்பி அனுப்ப. இரண்டும் வேறு வேறு கேள்விகள், தேடும் விதமும் வேறு. அதோடு, விண்ணப்பங்கள் வழக்கமாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகின்றன. போன மாதம் யாரோ போட்ட விண்ணப்பம் எப்பேர்ப்பட்ட தேடலிலும் சிக்காது.

ஆறு வாரத்தில் என் பட்டியல் பதினோரு ஆவணங்களில் வந்து நின்றது. மூன்றில் நுனியில் குப்பி. அதில் ஒன்றில், இதுதான் என் மூளை என்று நான் நினைத்திருந்த வால்வும் இருந்தது. விண்ணப்பிக்கும் எண்ணத்தை அன்றே விட்டேன்.

ஆனால் காலம் முடிந்ததைச் செய்துபார்க்கத் தடையில்லையே. பழைய படம் ஒன்றைப் பார்த்துப் பிளாஸ்டிக் மூடியில் ஒரு குப்பி செய்து குடையில் மாட்டினேன். தண்ணீர் அழகாக நின்றது. அடுத்த மழைக்குக் குடையை நிமிர்த்தி விரித்தேன், அத்தனை தண்ணீரும் சட்டைமேல். வீட்டுக்கு வந்து அந்த ஆவணத்தை மறுபடி திறந்தால், நிமிர்த்தும்போது கொட்டாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் படத்தோடு நின்றுவிட்டேன்.