ஒட்டிய கிரானைட் பிரிந்தது, மூன்றாவது முயற்சியில்

மூன்று வார இறுதிகள் போராடி, நேற்று மாலை சமையல் மேடையின் மூலை ஒட்டு விட்டது. இரண்டு கல்லும் முழுசாக இருக்கின்றன. அவ்வளவு சந்தோஷம்.

20 மி.மீ. கறுப்பு கிரானைட், எல் வடிவ மேடை. அடியில் அலமாரியோடு பிடித்திருந்த சிலிக்கோன் பசை பெரிய வேலை இல்லை. மெல்லிய எஃகுக் கம்பியின் இரு முனையிலும் கட்டையைக் கட்டி ரம்பம் போல இழுத்ததில் அரை மணியில் அறுந்தது. இரண்டு கல்லும் சேரும் ஒட்டில் இருந்த எபாக்ஸி என்ற கெட்டிப் பசைதான் ஆளை வாட்டியது. முதல் வாரம் பிளேடால் கீறிக் கீறி 3 மி.மீ. கூட இறங்கவில்லை. அடுத்த வாரம் எஃகு ஆப்பை வைத்துத் தட்டினேன். விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த வாரம் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி. மேலே தெர்மாமீட்டர் 100 டிகிரி காட்டும்போது அடியில் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. கல்லில் சூடு மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டு ஒரே இடத்தில் காட்டினால் கல் விரிசல் விடும். அதனால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, 30 செ.மீ. நீளத்துக்கு மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் சூடு, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடியும் சூடு. அடிப்பக்கம் 80 டிகிரியைத் தொட்டதும் பட்டிக் கத்தியை அழுத்தினேன். பசையில் பள்ளம் விழுந்தது! கத்தி மெழுகில் இறங்குவது போல நிதானமாக இறங்கியது. இறங்கின இடத்தில் உடனே பிளாஸ்டிக் ஆப்பைச் செருகிவிட வேண்டும். விட்டால் ஆறும்போது பசை மறுபடி பிடித்துக்கொள்ளும்.

முன்விளிம்பில் கனமாகத் தெரிவதற்காக அடியில் ஒட்டிய கல் பட்டை இருக்கிறதே, அதன் பசையும் அதே சூட்டில் இளகும். நல்லவேளை, முன்கூட்டியே இரண்டு கிளாம்ப் போட்டிருந்தேன். பட்டை இருந்த அந்த நாலு விரல் நீளம் மட்டும் முக்கால் மணி நேரம் வாங்கியது.

மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர் ஊற்றினால் சீக்கிரம் விடும் என்று ஒருவர் சொன்னார். மூடிய சமையலறையில் அந்த ஆவி உயிருக்கே ஆபத்து. தொடவே இல்லை.

தூக்கும்போது கல்லைப் படுக்கையாகப் பிடிக்காதீர்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். சிங்க் வெட்டின துண்டில் ஓரம் குறுகலாக இருக்கும், அங்கேதான் முறியும். நீளமான மரச்சட்டத்தை அந்த ஓரத்தில் கிளாம்ப் போட்டு, நிறுத்திவைத்த வாக்கில் இரண்டு பேராகத் தூக்கினோம்.

விளிம்பில் பழைய பசை இன்னும் திட்டுத் திட்டாக இருக்கிறது. சொரசொரப்பான 50-ஆம் எண்ணில் தொடங்கி நைசான 3000 வரை, கல்லைத் தேய்க்கும் டைமண்ட் பேட் வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கப் போகிறேன். காய்ந்த கிரானைட் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. சில்லு போன இடத்துக்கு நிறம் கலந்த எபாக்ஸி. அதற்குள் புது சிங்க்குக்கு அளவெடுத்து அட்டையும் வெட்டிவிட்டேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.