மூன்றாவது டிரிப்

வெல்லம் என்ற பூடில் நாய் எங்கள் மருந்தகத்துக்கு முதல் தடவை வந்தபோது வாந்தி. இரண்டாம் தடவை வயிற்றுப்போக்கு. இரண்டு தடவையும் டிரிப் ஏற்றினோம். மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். "கண்டதைத் தின்றிருப்பாள்" என்று நானும்தான் சொன்னேன். சிங்கப்பூரில் விலங்கு மருந்தகத் தாதியாக ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டேன். அந்த வார்த்தையை இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்வதில்லை.

மூன்றாம் தடவை தீபாவளி சமயம். வீட்டார் மலேசியா போக, அவளைக் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். பின்னங்கால் நிற்கவில்லை, ஈறு வெளுத்திருந்தது. உடம்பில் நீர் வற்றி இந்த நிலைக்கு வந்த நாய்க்கு நாடி தறிகெட்டு ஓட வேண்டும். தொடையின் உட்புறம் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணினேன்: 13. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன். அதே 13. நிமிடத்துக்கு 52தான். உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

ரத்தத்தில் சோடியம் 128, பொட்டாசியம் 7.6. பொட்டாசியம் இப்படி ஏறியதால்தான் நாடி மெதுவாகியிருந்தது. சோடியம் பொட்டாசியத்தைப் போல 27 மடங்காவது இருக்க வேண்டும். இவளுக்கு 17கூட இல்லை. வேறு சில நோய்களிலும் இப்படிக் குறையும் என்பதால், அட்ரீனல் சுரப்பியைக் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் ஏசிடிஹெச் ஊசி போட்டு, போடுவதற்கு முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்தோம். கார்டிசால் இரண்டிலும் இல்லாத மாதிரிதான். அடிசன் நோய். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. ஸ்டாண்டர்ட் பூடில் வகையில் இது பரம்பரையாக வருவது.

டிரிப் ஏற்றினால் குறைந்த உப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும், நாய் எழுந்து நிற்கும். நோய் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டு தடவையும் எங்களுக்குச் சந்தோஷம் கொடுத்தபடி அவள் சட்டென்று தேறியதுதான் துப்பு. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"ஸ்டீராய்டாமே தங்கச்சி, கெடுதல்னு சொல்றாங்களே" என்று வீட்டு அக்கா பயந்தார். "அவ உடம்பே சுரக்க வேண்டியதுக்கா. சுரக்கல, அதான் நாம குடுக்கிறோம்" என்றேன். தினமும் கொஞ்சம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, 25 நாளுக்கு ஒருமுறை போல உப்பைச் சரிக்கட்டும் ஹார்மோன் ஊசி, இடையிடையே ரத்தப் பரிசோதனை. காப்பகத்தில் விடும்போதும், இடிக்கு நடுங்குகிற நாட்களிலும் உடம்புக்குக் கார்டிசால் கூடத் தேவைப்படும் என்பதால் டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கூட்ட வேண்டும். ஊசி நாட்களை அக்கா சமையலறை நாட்காட்டியில், ஏகாதசிக்குப் பக்கத்திலேயே, சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

அப்புறம் ஒன்று கேட்டேன்: "கூடப் பிறந்த குட்டிங்க எங்க இருக்குக்கா?" ஜோகூரில் ஒன்று இருந்தது. அவர்களைப் பயமுறுத்த வேண்டாமே என்று தயங்கினார். நான் விடவில்லை. அங்கேயே நின்று ஃபோன் போட்டார். அந்தக் குட்டியும் இரண்டு மாதமாக விட்டுவிட்டு வாந்தி எடுக்கிறதாம், டிரிப் போட்டால் சரியாகிவிடுகிறதாம். ஃபோனை வாங்கி, இன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னேன்.