சாமந்தியை வாடாமல்லி ஆக்கிய ஒரு பைட்

இரண்டு வாரமாகப் படுத்திய சிக்கல் நேற்று இரவு தீர்ந்தது. பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் எடுத்த மஞ்சள் சாமந்திக் குவியல், என் நிரலில் திறந்தால் அச்சு அசல் வாடாமல்லி நிறத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் தவறு பிடிபட்டது.

நெஃப், அதாவது நிக்கான் கேமராவின் மூலப் படக் கோப்பை, அதைப் பிரித்தெடுக்கும் டிசிரா நிரலில் மைனஸ் 4 கொடுத்து, பிக்சல் எண்களை அப்படியே அடுக்கி வைக்கும் 16 பிட் பிபிஎம் கோப்பாக ஆக்குவது வரை எல்லோரும் செய்வதுதான். காமா (கண்ணுக்கேற்ப வெளிச்ச அளவை வளைப்பது) கிடையாது, தானாக வெளிச்சம் கூட்டுவதும் கிடையாது. எனக்கு வேண்டியதும் அதுவே. கையிலிருந்த பட நூலகம் அதை 8 பிட்டாகக் குறுக்கிவிட்டதால் பைத்தானின் எண் நூலகமான நம்பையில் நானே பைட் பைட்டாகப் படிக்க உட்கார்ந்தேன்.

கோப்பின் தலைப்பில் பி6 என்ற வகைக்குறி, அகலமும் உயரமும், உச்ச மதிப்பான 65535. மூன்று வரி, வரிமுடிவுகளோடு 19 பைட். அதைத் தாண்டிப் படித்தேன்: வெறும் மணல் இரைச்சல். 20ஐத் தாண்டிப் பார்த்தேன். அல்சூர் ஏரிக்கரை மூடுபனியும் திருவள்ளுவர் சிலையும் பளிச்சென்று வந்துவிட்டன! நான் எண்ணியதில்தான் பிழை என்று 20ஐயே வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு பைட் குறைந்தது. ஒரு சுழியத்தை ஒட்டி அடைத்தேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண், ஒவ்வொன்றும் இரண்டு பைட். பிபிஎம்மில் 16 பிட் எண்ணின் பெரிய (மேல்மதிப்பு) பைட் முன்னால் வரும். என் இன்டெல் கணினியில் நம்பை, சொல்லாவிட்டால், சின்ன பைட்தான் முதலில் என்று எடுத்துக்கொள்கிறது. 19இல் தொடங்கினால் இரண்டும் இடம் மாறி இரைச்சலாகிறது. 20இல் தொடங்கினாலோ, இந்த எண்ணின் சின்ன பைட்டும் அடுத்த எண்ணின் பெரிய பைட்டும் ஜோடி சேருகின்றன. உருவம் முழுக்கப் பெரிய பைட்டில் இருப்பதால் படம் தெரிந்துவிடுகிறது. ஆனால் சிவப்பின் இடத்தில் பச்சை, பச்சையின் இடத்தில் நீலம், நீலத்தின் இடத்தில் பக்கத்துப் பிக்சலின் சிவப்பு. மூடுபனியில் மூன்றும் ஏறக்குறைய சமம், மாறியது தெரியவே இல்லை. சாமந்தியில் நீலம் மட்டும் குறைவு. அது பச்சையின் இடத்துக்குப் போனதும் வாடாமல்லி. நிழலில் எள் தூவினாற்போல் தெரிந்த புள்ளிகளும் இதனால்தான். நான் கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்) என்று குறிப்பிட்டு, 19இலிருந்தே படிக்கிறேன். 19 என்று நிரலில் எழுதி வைக்காதீர்கள். 8 பிட்டில் எடுத்தால் 65535 போய் 255 வரும், தலைப்பு 17 பைட்டாகிவிடும். மூன்றாவது வரிமுடிவு வரை தேடிப் போவதே சரி.

இடம்தான் கவலை. பிக்சலுக்கு 6 பைட், 24 மெகாபிக்சல் என்றால் ஒரு படமே 14.4 கோடி பைட். எஸ்.பி. ரோட்டில் 4 டெராபைட் வட்டு விசாரித்தேன், கடைக்குக் கடை ஒரு விலை. பில்லோடு தருகிற கடையில்தான் வாங்குவேன். அதற்குள் டிசிராவில் பெரிய எழுத்து டி போட்டு, வண்ணம் சேர்க்காத சென்சார் எண்களைப் பிஜிஎம் என்ற ஒற்றை நிறக் கோப்பாக எடுத்து, வண்ணத்தை நானே நிரப்பிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. அல்சூர் படங்களையே இன்னும் திரும்ப மாற்றவில்லை. அவற்றில் முதல் நாற்பதை இன்று இரவு ஓட விடுகிறேன்.