பழைய வன்தட்டுக்கு எஸ்எஸ்டி கேஷ்: எல்விஎம் கொண்டு அமைத்துப் பார்த்த அனுபவம்

என் மேசைக்கணினியில் இருப்பது நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் 2 டிபி வன்தட்டு. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவியபோதே, தட்டின் இடத்தை நெகிழ்வாக நிர்வகிக்கும் எல்விஎம் முறையில் பிரித்து, இயக்குதளம் இருக்கும் ரூட் பகுதிக்கு 40 ஜிபியும், எஞ்சியதில் பெரும்பங்கை என் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதிக்கும் ஒதுக்கியிருந்தேன். ஹோமில் இருப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள். அவற்றை டிஜிகாம் மென்பொருளில் வகைப்படுத்தி வைக்கிறேன். கணினியைத் தொடங்கி உலாவி திறக்கும் வரை ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். டிஜிகாம் திறந்து, படங்களின் சிறு வடிவங்களான படவில்லைகளைக் காட்டி முடிப்பதற்குள் வேறொரு வேலையைப் பார்த்துவிட்டு வரலாம். முழுச் சேமிப்பையும், சுழலும் பாகம் இல்லாத விரைவான எஸ்எஸ்டிக்கு மாற்றும் செலவு இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றியது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று சும்மா கிடந்ததால், அதை வன்தட்டுக்குக் கேஷாக, அதாவது அடிக்கடி படிக்கப்படும் தரவின் நகலை வைத்திருக்கும் விரைவான இடமாக, அமைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வன்தட்டு எந்த இடத்தில் மெதுவாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், கேஷிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி. வேண்டிய தரவு படிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4.2 மில்லிவிநாடி, காத்திருக்க வேண்டும். படிமுனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர்வதற்கு இத்தகைய தட்டுகளில் சராசரியாக 8 அல்லது 9 மில்லிவிநாடி ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 13 மில்லிவிநாடி வரும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு 75 அல்லது 80 முறைக்கு மேல் படிக்க இயலாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்று கொண்டால் விநாடிக்கு 300 கேபிதான் கைக்கு வருகிறது. அதே தட்டு, தொடர்ச்சியாக அமைந்த பெரிய கோப்பொன்றைப் படிக்கும்போது விநாடிக்கு 150 எம்பியைத் தாராளமாகத் தருகிறது. இரண்டுக்கும் இடையே ஐந்நூறு மடங்கு வேறுபாடு. ஆகவே திரைப்படம் பார்க்கும்போதோ பெரிய கோப்பைத் திறக்கும்போதோ வன்தட்டின் மேல் குறை சொல்ல எதுவுமில்லை; இயக்குதளம் தொடங்கும்போதும், மென்பொருள் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும்போதும், தரவுத்தளம் அங்குமிங்கும் தாவிப் படிக்கும்போதும்தான் அது திணறுகிறது.

இதற்கு முன்பே கணினியில் இரண்டு கேஷ்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று, வன்தட்டின் சுற்றுப்பலகையிலேயே இருக்கும் 64 எம்பி நினைவகம். அது சிறியது, நம் கட்டுப்பாட்டிலும் இல்லை. மற்றொன்று, லினக்ஸின் மையநிரலான கெர்னல், காலியாக இருக்கும் ரேமில் தானாகவே வைத்துக்கொள்ளும் பக்கக் கேஷ். ஒரு மென்பொருளை மூடிவிட்டு உடனே மீண்டும் திறந்தால் சட்டென்று திறப்பதற்கு இதுவே காரணம். ஆனால் கணினியை அணைத்தவுடன் ரேமில் இருந்தது அத்தனையும் போய்விடும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் மீண்டும் வன்தட்டிலிருந்தே தேடியெடுக்க வேண்டும். எஸ்எஸ்டி கேஷ் அந்த நினைவை இரவைத் தாண்டியும் காத்து வைக்கிறது. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கணினியில் 4 ஜிபி ரேம் மட்டுமே இருந்தால், இந்த வேலையில் இறங்கும் முன் ரேமைக் கூட்டுவதே நல்லது. என் கணினியில் 8 ஜிபி இருந்தது. ரேம் போதாதபோது தட்டில் பயன்படும் ஸ்வாப் பக்கம் ஏறத்தாழ எதுவும் போகவில்லை என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே தொடர்ந்தேன்.

இந்த எண்ணம் புதியது அல்ல. விண்டோஸ் விஸ்டாவில் பென் டிரைவைக் கேஷாகப் பயன்படுத்தும் ரெடிபூஸ்ட் இருந்தது. 2011இல் இன்டெல் தனது இசட்68 சிப்செட்டுடன் ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் என்ற வசதியைத் தந்தது. அதில் கேஷாக 64 ஜிபி வரை மட்டுமே ஒதுக்க முடியும். 2017இல் அதே நிறுவனம் 16, 32 ஜிபி அளவுகளில் கேஷாகப் பயன்படும் ஆப்டேன் சில்லுகளை விற்றது. 2022இல் ஆப்டேன் தொழிலையே மூடப்போவதாக அறிவித்தது. இன்டெல்லின் இவ்விரு வசதிகளும் குறிப்பிட்ட சிப்செட்டையும் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளையும் சார்ந்தவை. லினக்ஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்குள்ள கேஷ் வசதிகளில் டிஎம்-கேஷ் 3.9 கெர்னலிலும், கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதிய பிகேஷ் 3.10 கெர்னலிலும், இரண்டுமே 2013இல் சேர்ந்தன. பிகேஷுக்கு வேகமானது என்ற நற்பெயர் உண்டு. ஆனால் அதை அமைக்க வன்தட்டுப் பகுதியின் தொடக்கத்தில் அதற்கான தலைப்புத் தகவலை எழுத வேண்டும், ஆகவே ஏற்கெனவே நிறைந்திருக்கும் தரவை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழக்கம். டிஎம்-கேஷை எல்விஎம் வழியாகப் பயன்படுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் பகுதியிலேயே கேஷைப் பூட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். என் தேர்வுக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

தொடங்கும் முன் ஹோம் பகுதி முழுவதையும் வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்தேன். ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் இரண்டு தட்டுகளின் உடல்நிலையையும் பார்த்தேன். வன்தட்டில் பழுதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களும் (தட்டின் சிறு பதிவிடங்கள்), படிக்க முடியாமல் நிலுவையிலுள்ள செக்டர்களும் சுழியமாக இருந்தன. இந்த எண்கள் ஏறிக்கொண்டிருக்கும் தட்டுக்குக் கேஷ் போடுவது வீண் வேலை. அதற்குத் தேவை மாற்றுத் தட்டு. எஸ்எஸ்டியைச் செருகும்போது எந்தச் சாட்டா இணைப்பு 6 ஜிபிட் வேகம் உடையது என்று தாய்ப்பலகைக் கையேட்டில் பார்த்துக்கொண்டேன். பழைய பலகைகள் பலவற்றில் இரண்டு இணைப்புகள் மட்டுமே அந்த வேகம் கொண்டவை. இல்லாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. சிதறிய சிறு துண்டுகளைப் படிக்கும் வேலை, 3 ஜிபிட் இணைப்பின் எல்லையை எளிதில் தொடுவதில்லை.

அமைக்கும் வேலை சில கட்டளைகளில் முடிந்துவிட்டது. பிவிகிரியேட் கொண்டு எஸ்எஸ்டியை எல்விஎம்முக்கு அறிமுகப்படுத்தி, விஜிஎக்ஸ்டெண்ட் கொண்டு வன்தட்டு இருக்கும் அதே தொகுப்பில் சேர்த்தேன். ஒரு கேஷை ஒரு பகுதிக்கு மட்டுமே பூட்ட முடியும்; ரூட்டும் ஹோமும் ஒரே கேஷைப் பகிர்ந்துகொள்ள முடியாது. ஆகவே எல்விகிரியேட் கொண்டு எஸ்எஸ்டியின் மேல் மட்டும் அமையுமாறு 20 ஜிபியில் ஒன்றும் 60 ஜிபியில் ஒன்றுமாக இரண்டு பகுதிகளை உருவாக்கி, எல்விகன்வர்ட் கொண்டு முதலாவதை ரூட்டுக்கும் இரண்டாவதை ஹோமுக்கும் பூட்டினேன். 60 ஜிபி என்ற அளவுக்கும் ஒரு காரணம் உண்டு. டிஎம்-கேஷ் தரவைத் துண்டு துண்டாக நிர்வகிக்கிறது. துண்டின் இயல்பளவு 64 கேபி, துண்டுகளின் எண்ணிக்கைக்கு எல்விஎம் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சம். 60 ஜிபியை 64 கேபியால் வகுத்தால் 9,83,040 துண்டுகள் வரும். அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. துண்டு பெரிதானால், 4 கேபி தேவைப்படும் இடத்திலும் பெரிய துண்டு ஒன்றை முழுதாக எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியில் எஞ்சிய இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தேன்.

ரூட் பகுதிக்குக் கேஷ் போடுவோர் மறு தொடக்கத்துக்கு முன் பார்த்தே ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது. கேஷின் உட்பதிவுகளைச் சரிபார்க்கும் கேஷ்-செக் என்ற சிறு நிரல், டெபியனில் தின்-புரொவிஷனிங்-டூல்ஸ் என்ற தனிப் பொதியில் இருக்கிறது. அதை நிறுவி, தொடக்க நேரத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் புதுப்பிக்காவிட்டால், ரூட் பகுதி செயல்படாமல் கணினி கருப்புத் திரையில் நின்றுவிட வாய்ப்புண்டு. பொதியை முதலில் நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு அந்நிரல் அதில் இருப்பதை உறுதி செய்த பிறகே கணினியை மீண்டும் தொடங்கினேன். பூட் பகுதி எல்விஎம்முக்கு வெளியே தனியாக இருந்ததால் கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரல் தொடர்பான சிக்கல் எதுவும் எழவில்லை.

எழுதும் முறையைத் தேர்வதில்தான் நான் அதிகம் யோசித்தேன். ரைட்த்ரூ முறையில், எழுதப்படும் தரவு வன்தட்டில் பதிந்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். எஸ்எஸ்டியில் இருப்பது நகல் மட்டுமே. ரைட்பேக் முறையில், எஸ்எஸ்டியில் பதிந்தவுடனேயே முடிந்ததாகக் கணக்கிட்டு, வன்தட்டுக்குப் பின்னர் சாவகாசமாக எழுதப்படும். வேகம் இதில் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளியில் எஸ்எஸ்டி பழுதானால், புதிய தரவு போவது மட்டுமல்ல, வன்தட்டிலுள்ள கோப்பு முறைமையே பாதி பழையதும் பாதி புதியதுமாகக் குலைந்துவிடும். மின்தடையால் மட்டும் ரைட்பேக் தரவு அழிந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். எஸ்எஸ்டி தன்னிடம் வந்ததை ஒழுங்காகப் பதித்து வைத்திருந்தால் மின்சாரம் வந்தபின் அது அங்கேயே இருக்கும். ஆனால் பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய, மின்தடைப் பாதுகாப்பு இல்லாத மலிவு எஸ்எஸ்டியை அவ்வளவு நம்பலாமா என்பதே கேள்வி. ஒரு சோதனைப் பகுதியை உருவாக்கி ரைட்பேக்கில் ஓட்டிப் பார்த்தேன். கேமரா அட்டையிலிருந்து படங்களை நகலெடுக்கும்போது அட்டைப் படிப்பானின் வேகமே தடையாக நின்றதால், எனக்குக் கிடைத்த பலன் மிகக் குறைவு. இரு பகுதிகளையும் எல்விஎம்மின் இயல்பு முறையான ரைட்த்ரூவிலேயே வைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை, தெரியவும் கூடாது. கேஷ் அப்போது காலியாக இருக்கிறது. எஸ்எம்கியூ என்ற கொள்கையின்படி, அடிக்கடி கேட்கப்படும் துண்டுகளே எஸ்எஸ்டிக்கு ஏற்றப்படுகின்றன. அந்த நகர்த்தல் மற்ற வேலைகளுக்கு இடையூறாகிவிடாமல் இருக்க அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஆகவே கேஷ் மெதுவாகவே நிறைகிறது. எஃப்ஐஓ கருவி கொண்டு 4 கேபி சிதறல் சோதனை நடத்தியபோது, முதல் ஓட்டத்தில் வெறும் வன்தட்டின் எண்ணே வந்தது. அதே கோப்பின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டியபோது எண் படிப்படியாக ஏறி, இறுதியில் எஸ்எஸ்டியின் எண்ணை நெருங்கியது. பக்கக் கேஷ் குறுக்கிடாமல் இருக்க நேரடி வாசிப்பை இயக்கித்தான் இதைச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் அளப்பது ரேமின் வேகமாக இருக்கும். ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு கேஷ் பயனற்றது என்போரும், பத்தாவது ஓட்டத்தின் எண்ணை மட்டும் காட்டி வன்தட்டு எஸ்எஸ்டியாகிவிட்டது என்போரும் அளந்தது ஒரே பொருளின் இரு முனைகளைத்தான்.

சோதனைக் கருவிகளை விட அன்றாடப் பயன்பாடே தெளிவான விடை தந்தது. சில நாள் பழகிய பின், தொடங்குவது முதல் உலாவி திறப்பது வரையான நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. டிஜிகாமில் ஏற்பட்ட மாற்றம் அதைவிடப் பெரியது, ஏனெனில் அதன் படவில்லைத் தரவுத்தளம் நாள்தோறும் அதே இடங்களிலிருந்து படிக்கப்படுகிறது. எல்விஎஸ் கட்டளையில் கேஷ் பற்றிய புலங்களைச் சேர்த்துக் கேட்டால், கேஷில் கிடைத்த வாசிப்புகள் எத்தனை, கிடைக்காதவை எத்தனை, நிறைந்த துண்டுகள் எத்தனை என்று காட்டும். ரூட் பகுதியில் கிடைத்தவை வெகுவிரைவில் கிடைக்காதவற்றைத் தாண்டிச் சென்றன. ஹோமில் அப்படி இல்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தொகுப்பு ஒன்றைத் திறந்தால் வன்தட்டின் பழைய கரகர ஒலியும் பழைய காத்திருப்பும் அப்படியே திரும்பின. நேற்றுச் செய்ததையே இன்றும் செய்பவருக்குத்தான் கேஷ் உதவும். புதிதாக ஒன்றைக் கேட்பவருக்கு அதனிடம் கொடுக்க எதுவுமில்லை.

மென்பொருள் புதுப்பித்தலில் வேகம் கூடவில்லை; அதை நான் முன்பே எதிர்பார்த்திருந்தேன். டெபியனின் நிறுவல் நிரலான டிபிகேஜி ஒவ்வொரு பொதியையும் நிறுவும்போது தரவு தட்டில் பதிந்துவிட்டதை உறுதிசெய்தே நகரும். ரைட்த்ரூவில் அந்த உறுதியை வன்தட்டுதான் தர வேண்டும். வாராந்திரக் காப்பு நகலின்போது ஹோம் முழுவதும் படிக்கப்படுவதால் கேஷில் இருப்பவை அடித்துச் செல்லப்படுமோ என்ற ஐயம் இருந்தது. ஒரே ஒரு முறை படிக்கப்படும் துண்டுகளுக்கு எஸ்எம்கியூ எளிதில் இடம் தருவதில்லை. நகலெடுத்த மறுநாளும் டிஜிகாம் அதே வேகத்தில் திறந்தது.

ரூட் பகுதியின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு வழி தோன்றியது. 40 ஜிபி மட்டுமே உள்ள பகுதிக்கு 20 ஜிபி கேஷ் வைப்பதைவிட, அந்தப் பகுதியையே எஸ்எஸ்டிக்குக் கொண்டு போய்விடலாம். அதற்கு அங்கே இடம் இருக்கிறது. முதலில் எல்விகன்வர்ட் வழியாக ரூட்டின் கேஷை நீக்கினேன். ரைட்த்ரூ என்பதால் வன்தட்டுக்கு எழுத எதுவும் மிச்சமில்லாமல் அது உடனே விடுபட்டது. பிறகு பிவிமூவ் கொண்டு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட்டை வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு நகர்த்தினேன். மென்பொருள் புதுப்பித்தலும் இப்போது விரைவாகிவிட்டது. ஹோமின் 60 ஜிபி கேஷ் அப்படியே இருக்கிறது. எஸ்எஸ்டி ஒருநாள் பழுதானால் ரூட் போய்விடும் என்பதும், ஹோமைத் திறக்க இயக்குதளம் கொண்ட லைவ் யுஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, காணாமல் போன கேஷை வலிந்து நீக்க வேண்டியிருக்கும் என்பதும் இந்த ஏற்பாட்டின் விலை. அதற்காக ரூட்டின் நகல் ஒன்றை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு இரவுதோறும் வன்தட்டில் எழுதி வைக்கிறேன். எஸ்எஸ்டியில் இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவை ஸ்மார்ட்சிடிஎல் வழியாக மாதத்துக்கு ஒரு முறை குறித்தும் வருகிறேன்.