இந்தப் புத்தகம் ஓடினால் உங்களுக்கு என்ன?

ஓர் இதழின் மதிப்புரைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில வருடங்கள் என்னிடம் இருந்தது. வருகிற புத்தகங்களைப் பிரித்து, எதை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மதிப்புரையின் தலையெழுத்தில் பாதி அந்த முடிவிலேயே எழுதப்பட்டுவிடும். நாவல் என்றால் நாவல் எழுதியவரிடம்தான் கொடுக்கத் தோன்றும். கதை எங்கே நொண்டுகிறது, ஆசிரியர் எந்த இடத்தில் சிரமப்படாமல் குறுக்குவழியில் போயிருக்கிறார் என்பதெல்லாம் அதே பாட்டைப் பட்டவருக்குச் சட்டென்று பிடிபடும். சிக்கல் என்னவென்றால், அவருக்கும் விற்க வேண்டிய புத்தகங்கள் இருக்கின்றன.

அதனால் புத்தகம் வந்ததும் முதலில் நன்றிப் பக்கத்தைத்தான் திறப்பேன். கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். அணிந்துரை எழுதியவர், பின்னட்டையில் இரண்டு வரி பாராட்டியவர், அதே பதிப்பகத்தில் அடுத்த புத்தகம் போடக் காத்திருப்பவர் என்று கழித்துக்கொண்டே போனால் சில சமயம் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

நட்புக்காகப் பாராட்டியே ஆக வேண்டிய புத்தகத்தையும், படிக்கும் முன்பே பிடிக்காது என்று தெரிந்த புத்தகத்தையும் மதிப்புரைக்கு ஏற்காதீர்கள் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975-ல் வந்த தன் தொகுப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். நல்ல விதிதான். ஆனால் எழுத்துலகம் சின்னது. அதை அப்படியே கடைப்பிடித்தால் பக்கம் காலியாகத்தான் போகும். "அவரைத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். ஆகவே கேள்வியை மாற்றினேன்: "இந்தப் புத்தகம் ஓடினால் உங்களுக்கு என்ன, ஓடாவிட்டால் என்ன?" சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ வேண்டாம் சார், வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்பார்கள். அடுத்த நல்ல புத்தகம் அவர்களுக்குத்தான் போகும்.

நண்பர்களைவிடப் போட்டியாளர்களிடம்தான் எனக்குப் பயம். நட்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், பாராட்டு அப்படி வழியும். பொறாமை நடுநிலை வேஷத்தில் வரும். "நல்ல முயற்சி, இன்னும் ஆழமாகப் போயிருக்கலாம்" என்று எழுதுவார். அதே விஷயத்தில் அவருடைய புத்தகம் பின்னால் வரும்போதுதான் நமக்கு உறைக்கும். பெயரை மறைத்துக்கொள்ள வழி கிடைத்தால் கேட்கவே வேண்டாம். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ், அமேசானில் வேறு பெயரில் சக வரலாற்றாசிரியர்களின் நூல்களை மட்டம் தட்டியதையும் தன் நூலைப் புகழ்ந்ததையும் 2010-ல் ஒப்புக்கொண்டார். 2023-ல் அமெரிக்காவில், முதல் நாவல் வரவிருந்த ஒருவர் வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் போலிக் கணக்குகள் தொடங்கி மற்ற புதியவர்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார். விஷயம் வெளியே வந்ததும் பதிப்பகம் அவர் நாவலையே கைவிட்டது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி பர்ஜஸ் கதை வேறு ரகம். புனைபெயரில் அவர் எழுதிய நாவலை, விவரம் தெரியாமல் யார்க்‌ஷயர் போஸ்ட் பத்திரிகை அவருக்கே மதிப்புரைக்கு அனுப்பியது. பத்திரிகை ஆசிரியர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். இது 1963-ல். குட்டு வெளிப்பட்டதும் மதிப்புரை வேலை போனது. இத்தனைக்கும் அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கூட எழுதவில்லை. படிக்கும்போது சிரிப்பு வந்தாலும் நான் அந்தப் பத்திரிகை ஆசிரியர் பக்கம்தான். வாசகருக்குத் தெரியாதே.

வேறு வழியில்லாமல் தெரிந்தவரிடம் கொடுக்க நேர்ந்தால் ஒரு வரி கேட்பேன்: "இந்த நூலைக் கைப்பிரதியிலேயே படித்திருக்கிறேன்" என்பது போல. மதிப்புரையின் எடை குறைந்துவிடும் என்று பலர் தயங்கினார்கள். குறையத்தான் செய்யும், அந்த அளவுக்குக் குறைய வேண்டியதுதான்.

எனக்குப் பிடிகொடுக்காதது கைமாற்று. இன்று அவர் என் நூலுக்கு எழுதினார், நாளை நான் அவர் நூலுக்கு. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் கடன் நினைவில் நிற்கும். இளையவர்கள் பாடு இன்னும் மோசம். விருதுக் குழுவில் இருக்கும் மூத்தவரின் நூலைப் பாராட்டினால் காக்காய் பிடிக்கிறார் என்பார்கள். குறை சொன்னால் நஷ்டம் அந்த இளையவருக்குத்தான். அதனால் அப்படிப்பட்ட நூல்களை இளையவர்களிடம் கொடுப்பதை நிறுத்தி, மூத்தவர்களுக்கே அனுப்பினேன். அவர்கள் பெரும்பாலும் நேரமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவற்றில் சில நூல்களுக்கு எங்கள் இதழில் மதிப்புரையே வரவில்லை.